மதகுச் சாவி

என் கணவன் ரூசி அந்த வாரம் முழுக்க ஒரு வேளைச் சாப்பாட்டைக்கூட உட்கார்ந்து முடிக்கவில்லை. இரண்டு கரண்டி பீன்ஸ் சூப் உள்ளே போகும். எழுந்து ஜன்னலுக்குப் போவான். மலையைப் பார்ப்பான். திரும்பி வந்து நாற்காலியின் முதுகைப் பிடித்து நின்றபடியே இன்னும் இரண்டு கரண்டி. நவம்பர் கடைசியிலேயே மலைமேல் முழங்கால் அளவு பனி விழுந்திருந்தது. வழக்கமாக அது ஜனவரியில் விழுகிற பனி.

"உக்காந்து தின்னா மலை ஓடிப்போயிடுமா?" என்றேன்.

"மலை ஓடாது. மேல கிடக்கிறது ஓடும்."

அணைக்கு அவன்தான் காவல். அணை என்றால் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். ஊருக்கு மேலே இரண்டு குன்றுகள் நெருங்கிவரும் இடத்தில் ஒரு மண்கரை, அவ்வளவுதான். மூன்று ஆள் உயரம், மேலே நடந்தால் இருநூறு தப்படி. அடியில் ஒரு குழாய், அதன் வாயில் மதகு, மதகுக்கு மேலே ஓர் இரும்புக் கதவு போட்ட சிறிய அறை. வலது ஓரத்தில் வெள்ளம் வழிந்து போகக் கல் பாவிய கலிங்கு. எங்கள் ஓடையைப் பைத்தியக்காரி என்றுதான் கூப்பிடுவோம். கோடையில் ஒரு வாத்து நனையத் தண்ணீர் இருக்காது. பனி உருகும் நாளில் கீழ்த்தெருவின் கோழிகளைக் கூண்டோடு கொண்டுபோகும். அதற்காகத்தான், நிலமெல்லாம் அரசின் கூட்டுப்பண்ணையாக இருந்த காலத்தில், அந்தக் கரையைப் போட்டார்கள். களிமண்ணை அடுக்கடுக்காகக் கொட்டியபோது ரோலர் ஓட்டியவன் ரூசி. அப்போது அவனுக்குப் பத்தொன்பது வயது.

"மத்த அணையெல்லாம் நிறைஞ்சிருந்தா அழகு. இது வெறும் வயித்தோட இருந்தாத்தான் வேலை செய்யும்" என்பான்.

கூட்டுப்பண்ணை போன பிறகு, என் தம்பி மின்கோ நகரத்து அலுவலகத்தில் அனுமதிக் காகிதம் வாங்கி அணையில் கெண்டைமீன் வளர்த்தான். மதகு அறைக்குள் இறங்கி, மதகின் வாயில் ஓக் பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாகச் செருகினான். தண்ணீர் தேங்கியது. மீன் தப்பாமல் இருக்க, கலிங்கின் குறுக்கே இரும்புக் கம்பம் நட்டு, கம்பி வலையை எட்டு போல்ட்டால் முடுக்கினான். எங்களுக்கு ஓர் ஏரி கிடைத்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் வெளியூர்க்காரர்கள் தூண்டிலோடு வந்தார்கள். நானும் மாலையில் கரைமேல் நடந்து, நாணலில் வாத்துகள் இறங்குவதைப் பார்த்து மகிழ்ந்தவள்தான்.

காகிதத்தில் எழுதியிருந்தது வேறு. இலை உதிர்ந்ததும் மீனை வழித்து, பலகைகளை உருவிவிட வேண்டும். குளிர்காலம் முழுக்க அணை காலியாக இருக்க வேண்டும். ஆனால் எங்கள் நாட்டில் கெண்டைக்கு ஒரே ஒரு நாள்தான் நாள்: டிசம்பர் ஆறு, வீட்டுக்கு வீடு கெண்டை சுடும் புனித நிகோலா பெருநாள். அதற்கு ஒரு மாதம் முன்பே மீனைப் பிடித்து எங்கே வைப்பது? முதல் வருடம் பலகையை அக்டோபர் கடைசியில் உருவினார்கள். பிறகு நவம்பர் நடுவில். கடைசி மூன்று வருடமாகப் பெருநாளுக்கு முந்தின ஞாயிறு. ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகாததால் அதுவே வழக்கமாகிவிட்டது.

அந்தப் புதன்கிழமை ரூசி ஜன்னலிலிருந்து திரும்பாமலே சொன்னான்: "வெள்ளிக்கிழமை காலையில பலகையை உருவப்போறேன்."

"ஞாயித்துக்கிழமை மின்கோ வலை போடறான். ரெண்டு நாள் பொறுக்க முடியாதா?"

"தண்ணி வடியறதுக்கே மூணு நாளாகும், வெலிகா. வெதுவெதுன்னு தெக்குக் காத்து கிளம்பினா அந்தப் பனி பொறுக்குமா?"

"கோல்யோ வர்றான்."

"வரட்டும். கெண்டை இல்லாட்டி பன்னிக்கறி தின்னட்டும்."

கோல்யோ எங்கள் மகன். முழுப்பெயர் நிகோலா, அதனால் பெருநாள் அவனுடைய பெயர்நாளும்கூட: அந்தப் புனிதரின் பெயர் வைத்தவர்களை ஊர் வந்து வாழ்த்தும் நாள். ஸ்பெயினுக்குக் கட்டட வேலைக்குப் போய் நான்கு வருடம் ஆகியிருந்தது, இப்போதுதான் முதல் முறையாக வருகிறான். அவன் இருந்த காலத்தில் அன்றைக்கு எங்கள் வீட்டுக் கதவு திறந்தே கிடக்கும். யாரையும் அழைப்பதில்லை, ஊரே வரும். நாள் முழுக்க மேசையைத் துடைக்கக் கூடாது. நடுவில் எங்கள் தண்ணீரில் வளர்ந்த கெண்டை, வால்நட்டும் வெங்காயமும் அடைத்து, மாவில் பொதிந்து சுட்டது. நான்கு வருடமாக அந்தத் தட்டை நான் மனதுக்குள் எத்தனையோ முறை மேசையில் வைத்துப் பார்த்திருந்தேன்.

வியாழக்கிழமை மதியம் மின்கோ வாசகசாலைக்கு வந்தான். ஊர் வாசகசாலையை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். புத்தகம் எடுக்க வருகிறவர்கள் குறைவு. பெரும்பாலும் அஞ்சலித் தாள் அடிக்கத்தான் வருவார்கள். நாற்பதாம் நாள், ஆறாம் மாதம், ஒவ்வொரு ஆண்டு நினைவு என்று, எங்கள் ஊர்க் கதவுகளிலும் மரங்களிலும் ஒட்டியிருக்கும் இறந்தவர்களின் தாள்களில் பாதிக்குமேல் நான் அடித்தவை.

"அக்கா, மச்சான் நாளைக்குப் பலகையை உருவுறாராமே?"

"ஆமா, சொன்னான்."

"உருவினா என் மீனெல்லாம் சேத்துல புரளும். மீன் ஏத்தற தொட்டி வண்டி ஞாயித்துக்கிழமைதான் வருது. அதுவரைக்கும் கெண்டையை எங்க வீட்டுக் குளியல் தொட்டியிலயா வளக்கறது?"

"அவன்கிட்டயே பேசு."

"அவர்கிட்ட பேசறதுக்கு அந்த ரோலர்கிட்ட பேசிடலாம். அதுவாவது துருப்பிடிச்சு நிக்குது, கேட்டுக்கும்." மேசைமேல் இருந்த பசைப் புட்டியை உருட்டிக்கொண்டே இருந்தான். "மதகு அறைச் சாவியை எங்கிட்ட குடு. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் நானே கொண்டாந்து ஆணியில மாட்டிடறேன். கோல்யோவுக்குன்னு ஒண்ணு ஒதுக்கி வச்சிருக்கேன், எட்டுக் கிலோ. தாத்தா மாதிரி மீசை அதுக்கு. உன் அடுப்புல நுழையுமான்னு முதல்ல அளந்து வை."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவனோடு வீட்டுக்கு நடந்தேன். ரூசி கொல்லையில் விறகு பிளந்துகொண்டிருந்தான். சமையலறைக் கதவுக்குப் பின்னால் சிவப்பு நூல் கட்டித் தொங்கிய சாவியை எடுத்து என் தம்பியின் கையில் கொடுத்தேன். அந்தச் சின்ன வேலைக்கு அவ்வளவு நேரம்தான் ஆனது. விறகு பிளக்கும் சத்தம் நடுவில் நிற்கக்கூட இல்லை.

வெள்ளிக்கிழமை காலை ரூசி ரப்பர் காலணி மாட்டிக்கொண்டு கதவுக்குப் பின்னால் கையை விட்டான். ஆணியைத் தடவினான். தரையைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"மின்கோகிட்ட இருக்கு" என்றேன். "நான்தான் குடுத்தேன். ஞாயித்துக்கிழமை தந்துடறேன்னான்."

திட்டுவான் என்று நினைத்தேன். தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தான், கழற்றினான், மறுபடி வைத்தான். "தட்டு நல்ல பெரிசா எடுத்து வை" என்று சொல்லிவிட்டு மின்கோ வீட்டுக்குப் போனான். நானும் பின்னாலேயே ஓடினேன்.

மின்கோ கதவுக்கு உள்ளேயே நின்றான்.

"சாவியைக் குடுடா."

"ஞாயித்துக்கிழமை, மச்சான்."

"நான் அணைக்குக் காவல்."

"நான் மீனுக்குக் காவல். ரெண்டு பேரும் நல்லா காவல் காக்கறோம், விடு."

"மலைமேல எவ்வளவு பனி இருக்குன்னு பாத்தியா?"

"பாத்தேன். வெள்ளையா இருக்கு. நாப்பது வருஷமா நீயும் கரை உடையும், கரை உடையும்னு சொல்ற. உன் கரை அவ்வளவு மட்டமா மச்சான்? நீதானே அமுக்கின?"

ரூசிக்கு முகம் சிவந்தது. அவனை அடிக்க அதைவிட வேறு வார்த்தை தேவையில்லை. கதவை ஒரு முறை உதைத்துவிட்டுத் திரும்பினான். ஊர்த்தலைவரிடம் போனான், அவர் மகளின் பிரசவத்துக்காக நகரத்துக்குப் போயிருந்தார். வீட்டுக்கு வந்தான். உட்காரவில்லை. கொல்லைக்கும் வாசலுக்குமாக நடந்தான். மத்தியானம் காற்று திரும்பியது. கொடியில் விறைத்துக் கிடந்த துணிகள் ஒரு மணி நேரத்தில் தளர்ந்து சொட்ட ஆரம்பித்தன. கூரையிலிருந்து பனி சறுக்கி விழும் ஒவ்வொரு சத்தத்துக்கும் அவன் தலையைத் திருப்பினான். நான் பத்துத் தடவையாவது மின்கோ வீட்டுக்குப் போய்ச் சாவியைக் கேட்கலாம் என்று எழுந்தேன். பத்துத் தடவையும் உட்கார்ந்துவிட்டேன். ரெண்டு நாள்தானே.

சனிக்கிழமை விடியும்போது மழை. பனிமேல் விழுகிற வெதுவெதுப்பான மழை. மின்கோ வீட்டில் அவன் மனைவி மட்டும் இருந்தாள். தொட்டி வண்டியை இன்றைக்கே கூட்டிவர விடியும் முன்பே நகரத்துக்குக் கிளம்பிவிட்டானாம். அவனும் பயந்திருக்கிறான். ஆனால் சாவி அவன் சட்டைப்பையில். கைப்பேசியில் கூப்பிட்டோம், மலைத்திருப்பங்களில் எங்கோ இருந்தான், மணி போகவே இல்லை.

ரூசி கடப்பாரையும், கம்பி வெட்டும் பெரிய கத்திரியும், ஸ்பானரும் எடுத்துக்கொண்டான். நான் அவன் பின்னால் நடந்தேன். கரைமேல் ஏறியதும் என் கால் நின்றுவிட்டது. நான் பார்த்து மகிழ்ந்த ஏரி இல்லை அது. காபி நிறத்தில், நுரையோடு, கரையின் புல் விளிம்புக்கு ஒரு முழம் கீழே வந்து நின்றது. கலிங்கு வழியாகப் பாய்ந்துகொண்டிருக்க வேண்டிய தண்ணீர் அங்கே மெல்லக் கசிந்துகொண்டிருந்தது. மக்காச்சோளத் தட்டை, நாணல், கிளைகள், ஒரு பீப்பாய், எல்லாம் மின்கோவின் கம்பி வலையில் வந்து அப்பிச் சுவராகிவிட்டன. அந்தச் சுவருக்குப் பின்னால், மேல்மட்டத் தண்ணீரில், கெண்டைகள் முதுகைக் காட்டிச் சுற்றிக்கொண்டிருந்தன.

ரூசி முதலில் மதகு அறைக்குத்தான் போனான். கடப்பாரையைக் கதவில் நுழைத்து நெம்பினான். பிள்ளைகள் உள்ளே போய் விழுந்துவிடக் கூடாது என்று பழைய எண்ணெய்த் தொட்டியின் இரும்பை வெட்டி அவனே வெல்டிங் செய்த கதவு அது. நான்கைந்து முறை நெம்பினான். கடப்பாரைதான் வளைந்தது.

"எவன்டா இதை இவ்வளவு கெட்டியாப் பண்ணினது?" என்றான். மூச்சு வாங்கியது. அந்த நிலைமையிலும் சிரித்தான்.

பிறகு கலிங்கைப் பார்த்தான். கண்ணால் எண்ணினான். எட்டு போல்ட்.

"நான் வலையைக் கழட்டறேன். கழட்டிட்டா கலிங்கு வழியாப் போயிடும், கரை நிக்கும். ஆனா கீழ்த்தெருவுக்குத் தண்ணி வரும். முழங்கால் வரைக்குமாவது வரும். கரை போச்சுன்னா கூரை வரைக்கும். நீ ஓடு. எல்லாரையும் மேட்டுக்கு ஏத்து. அங்க எவனாவது கையில வலுவோட இருந்தா இங்க அனுப்பு."

"ஆள் வர்ற வரைக்கும் இறங்காதே ரூசி."

"சரி, ஓடு."

நான் பத்து அடி போயிருப்பேன். கூப்பிட்டான்.

"வெலிகா! கீழ்த்தெரு சோன்கா கிளம்ப மாட்டா. பன்னியை முதல்ல அவுத்து விடு. அது பின்னாடியே வருவா."

அவன் என்னிடம் சொன்ன கடைசி வார்த்தைகள் அவை.

கீழ்த்தெருவில் பதினோரு வீடுகள். இளையவர்கள் யாரும் இல்லை. எல்லோரும் கோல்யோ மாதிரி எங்கெங்கோ. நான் கதவு கதவாகத் தட்டினேன். சிலர் என் முகத்தைப் பார்த்ததுமே கம்பளியை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். ஒருவர், ரேடியோவில் ஒன்றும் சொல்லவில்லையே என்றார். சோன்கா முட்டைக்கோஸ் உப்பில் ஊறும் பீப்பாய்மேல் பாரத்துக்குக் கல் ஏற்றிக்கொண்டிருந்தாள்.

"தண்ணி வருது, கிளம்பு!"

"எங்க வருது? உன் புருஷன் நாப்பது வருஷமாத் தண்ணி வருதுன்னு சொல்றான். என் கல்யாணத்தன்னைக்கும் சொன்னான்."

"இன்னைக்கு நிஜமா வருது, சோன்கா."

"வந்தா வரட்டும். திங்கக்கிழமை பன்னி வெட்டறோம். எட்டு மாசம் ஊட்டி வளத்தது. நான் போயிட்டா அதை யார் பாத்துப்பா, உன் வாசகசாலையா?"

கொல்லைக்குப் போய்ப் பட்டியின் தாழ்ப்பாளை எடுத்தேன். பன்றி ஒரு கணம் யோசித்தது. பிறகு என்னைத் தள்ளிக்கொண்டு மேட்டுப்பாதையில் பாய்ந்தது. சோன்கா கையிலிருந்த கல்லைப் போட்டுவிட்டு, "ஐயோ, படுபாவி! உன்னைப் புதைக்க!" என்று என்னையா பன்றியையா என்று தெரியாமல் திட்டிக்கொண்டே பின்னால் ஓடினாள். தேவாலயத்து மேடு வரைக்கும் ஓடினாள்.

அணைக்கு அனுப்ப ஆள் ஒருவர்தான் கிடைத்தார், கொல்லன் வேலை பார்த்த தோபரி. அறுபத்தெட்டு வயது. அவர் பாதி வழிகூடப் போயிருக்க மாட்டார். மேலிருந்து ஒரு சத்தம், பெரிய துணியைக் கிழிப்பதுபோல. அப்புறம் தண்ணீர் வந்தது.

சுவர்போல வரவில்லை. பழுப்பாக, அகலமாக, தெரு முழுக்கப் பரவி வந்தது. வேலிகளைச் சாய்த்தது. சோன்காவின் பீப்பாயைத் தூக்கிக்கொண்டு போனது. தொடை வரைக்கும் ஏறியது, அதற்குமேல் ஏறவில்லை. தோட்டங்களிலும் படிக்கட்டுகளிலும் கெண்டைகள் துள்ளின. மேட்டில் நின்றுகொண்டு நான் தண்ணீரின் அளவை ஒரு தபால்பெட்டிக் கம்பத்தில் பார்த்துக்கொண்டே இருந்தேன். கால் மணி நேரம் ஒரே கோட்டில் நின்றது. கரை நிற்கிறது என்று புரிந்தது. கலிங்கு திறந்துவிட்டது. சாதித்துவிட்டான். அந்தக் கால் மணி நேரம் நான் சந்தோஷமாக இருந்தேன். அதை மறைக்க விரும்பவில்லை.

பிறகு மேட்டுப்பாதையில் மின்கோ இறங்கி வந்தான். மேல்சாலை வழியாக நேரே அணைக்குப் போய், கதவைத் திறந்து, பலகைகளை ஒவ்வொன்றாக உருவிவிட்டு வந்திருந்தான். இரண்டு கைகளிலும் ரத்தம். ஒரு கையில் ரூசியின் தொப்பி.

கலிங்கில் ஏழு போல்ட் கழன்று, தண்ணீர் எட்டாத கரையோரக் கல்லின்மேல் வரிசையாக வைக்கப்பட்டிருந்ததாம். எட்டாவது கம்பத்தோடு முறிந்திருந்ததாம். கழற்றிய போல்ட்டை வரிசையாக வைப்பது ரூசியின் பழக்கம். ஆள் வரும்வரை அவன் காத்திருக்கவில்லை.

மூன்றாம் நாள், பெருநாளன்று காலையில், நான்கு கிலோமீட்டர் கீழே வில்லோ மரங்களுக்கு நடுவில் அவனைக் கண்டெடுத்தார்கள். கோல்யோ அன்று மதியம் வந்து இறங்கினான். கதவு திறந்தே கிடந்தது. அழைக்காமலே ஊர் வந்தது. மேசையில் இருந்தது, இறந்தவர்களுக்காகச் சர்க்கரையும் வால்நட்டும் சேர்த்து வேகவைக்கும் கோதுமை.

நகரத்திலிருந்து இரண்டு பேர் விசாரிக்க வந்தார்கள். சாவி ஏன் காவல்காரரிடம் இல்லை என்று கேட்டார்கள். நான் கோதுமைத் தட்டோடு அங்கேயே நின்றேன். வாயைத் திறக்கத்தான் போனேன். மின்கோ முந்திக்கொண்டான்.

"ஆணியில தொங்கிச்சு. யாரும் இல்லாதப்ப நான் எடுத்துட்டேன். அக்காவுக்குக்கூடத் தெரியாது."

அவர்கள் எழுதிக்கொண்டார்கள். தட்டு என் கையிலேயே இருந்தது. அவன் என்னைப் பார்க்கவில்லை. நான் நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். நாளைக்குக் கோல்யோ இருந்தான். அடுத்த வாரம் வழக்கு இருந்தது. சிறை இல்லை, ஆனால் மீன் காகிதம் போனது, ஊரும் போனது. கடையில் அவன் நுழைந்தால் பேச்சு நிற்கும். கிட்டத்தட்டப் பத்து வருடம் அவன் அப்படி ரொட்டி வாங்கினான். எங்கள் வீட்டுக்கு வருவான், விறகு பிளந்து கொடுப்பான், சாவியைப் பற்றி ஒரு நாளும் பேசமாட்டான். ஒரே ஒரு முறை நான் ஆரம்பித்தேன். "விடு அக்கா, ஒருத்தரைத் திட்டினாப் போதாதா ஊருக்கு" என்று கோடரியை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போய்விட்டான்.

இந்த மார்ச்சில் மின்கோவும் இறந்துவிட்டான். இதயம். அவனுடைய அஞ்சலித் தாளை நான்தான் அடித்தேன். அடக்கத்துக்கு ஒன்பது பேர் வந்தார்கள். நான் எண்ணினேன்.

அணை இப்போது காலி. பலகைகளை எரித்துவிட்டார்கள், வலையை யாரோ கோழிக்கூண்டுக்கு எடுத்துப்போனார்கள், உள்ளே ஆடுகள் மேய்கின்றன. ஆனாலும் மழை பெய்தால் என்னால் வீட்டில் இருக்க முடிவதில்லை. குடையை எடுத்துக்கொண்டு மேலே போய், ஓடை குழாய்க்குள் நுழைந்து மறுபக்கம் வெளியே வருவதைப் பார்த்த பிறகுதான் திரும்புவேன். அதுவும் போதாமல் சில நாள் மறுபடி போவேன்.

போன வாரம் ரூசிக்குப் பத்தாம் ஆண்டுத் தாள் அடிக்க உட்கார்ந்தேன். படம், பெயர், பிறந்த வருடம், இறந்த வருடம். வழக்கமாக "கண்ணீரோடு, குடும்பத்தார்" என்று முடிக்கும் இடத்தில் இப்படி அடித்தேன்: "மதகுச் சாவியை மின்கோவின் கையில் கொடுத்தவள் நான். அவன் ஆணியிலிருந்து எடுக்கவில்லை. வெலிகா." கோல்யோவுக்கு ஒன்றைத் தபாலில் அனுப்பினேன். பதில் இன்னும் வரவில்லை. மற்றவற்றைப் பசை வாளியோடு எடுத்துக்கொண்டு கிளம்பினேன். எங்கள் கதவு, கடை, மதகு அறையின் இரும்புக் கதவு. பேருந்து நிறுத்தத்தில் நான்காவதை ஒட்டும்போது சோன்கா வந்தாள். கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு படித்தாள். மறுபடி முதலிலிருந்து படித்தாள்.

"பத்து வருஷம் நான் அவன்கூடப் பேசலை" என்றாள்.

"தெரியும்."

"அவன் கடைக்குள்ள வந்தா நான் வெளிய வந்துடுவேன். அடக்கத்துக்கும் வரலை."

"தெரியும், சோன்கா."

"என்ன தெரியும் உனக்கு? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா உன்னைத் திட்டியிருப்பேன், அவனைத் திட்டியிருப்பேன், அப்புறம் ரெண்டு பேரையும் கூப்பிட்டு உக்காரவச்சு ஆளுக்கொரு கிளாஸ் ரக்கியா ஊத்தியிருப்பேன். இப்ப யாருக்கு ஊத்தறது?"

தாளின் ஒரு மூலை காற்றில் எழும்பியது. அவள் உள்ளங்கையால் அதை அழுத்தினாள், தேவைக்கு மேலே நெடுநேரம்.

"அவன் வீட்டுக் கதவுல ஒட்டிட்டியா?"

"இனிமேதான்."

"பசை வாளியை இப்படிக் குடு. நீ தூக்கினா பாதி தெருவுல கொட்டுது."

வாளியை வாங்கிக்கொண்டு அவள் முன்னால் நடந்தாள். முனை திரும்பும் இடத்தில் நின்று, அந்தப் பழைய கோபத்தோடு தலையைத் தூக்கி மலையை ஒரு முறை பார்த்தாள். நானும் பார்த்தேன். மேலே இன்னும் பனி விழவில்லை.